ஒளி ஆற்றுப்படை

நுழையும்முன்

பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞருக்குத் தாம் பெற்ற வளத்தைச் சொல்லி வழிகாட்டுவதைச் சங்க இலக்கியம் ஆற்றுப்படை எனப் பெயரிட்டுப் போற்றியது. பெற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல் பிறர்க்கும் வழிதிறந்துவிடும் அப்பண்பு இக்காலத்திலும் வெவ்வேறு வடிவங்களில் வாழ்கிறது. மேற்கு ஆப்பிரிக்கச் சிற்றூர்களின் தாய்மார்கள் இந்தியச் சிற்றூர் ஒன்றுக்கு வந்து, கதிரவ ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் திறனைக் கற்றுச் சென்ற வரலாறு அவற்றுள் ஒன்று. கலையும் கல்வியும் கைத்திறனும் இணைந்த அவ்வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

விளக்கும் விளக்கைச் செப்பனிடும் கையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் இடையில் அமைந்த ஊர் ராயகிரி. தென்காசி மாவட்டத்தின் இவ்வூரில் ஒரு தெருமுனைச் சூரிய விளக்கு பழுதாகிவிட்டதாக எண்ணிக்கொள்வோம். அதனைச் செப்பனிடத் தெரிந்தவர் தொலைவில் உள்ள நகரத்தில் இருந்தால், அவர் வரும்வரை தெரு இருளில் கிடக்கும். அவர் வரவே இல்லையெனில், விளக்கு வெறும் கம்பமாக நிற்கும். செப்பனிடத் தெரிந்தவர் அதே தெருவில் வாழ்ந்தால், மறுநாள் மாலையே ஒளி திரும்பிவிடும்.

இவ்வெளிய எடுத்துக்காட்டு, பிறர்க்கு உதவுதல் பற்றிய பெரிய உண்மையொன்றைக் காட்டுகிறது. பொருளைக் கொடுப்பது ஒருவகை உதவி. அப்பொருளை ஆக்கவும் காக்கவும் வல்ல அறிவைக் கொடுப்பது மற்றொரு வகை உதவி. முன்னது கொடுத்தவரை எதிர்நோக்கி நிற்கச் செய்யும். பின்னது பெற்றவரைத் தம் காலில் நிற்கச் செய்யும். திருவள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை ஆகிய இரண்டையும் அடுத்தடுத்த தனி அதிகாரங்களாக வகுத்தார். இல்லாதவர்க்குக் கொடுத்தல் ஈகை. உலக நடையறிந்து, ஊரோடு இயைந்து உதவி வாழ்தல் ஒப்புரவு. ஒப்புரவாளரின் செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியை அவர் உவமையாக்கியதும் கருதத்தக்கது. ஊருணி ஊரார் அனைவரும் உரிமையோடு நீர் முகக்கும் இடம். அத்தகைய ஊருணியாக அறிவை ஆக்க முயன்ற ஓர் ஊர் திலோனியா.

திலோனியாவில் முளைத்த கல்லூரி

இராசத்தான் மாநிலத்தின் அஜ்மீர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் திலோனியா. மழை குறைந்த வறண்ட நிலம் அது. 1960-களின் நடுப்பகுதியில் பீகாரைப் பெரும் பஞ்சம் தாக்கியபோது, அங்குச் சென்று மக்கள் துயரை நேரில் கண்டவர் சஞ்சித் ராய் என்ற இளைஞர். பங்கர் ராய் என்று அறியப்படும் இவர், டேராடூனின் தூன் பள்ளியிலும் தில்லியின் புனித ஸ்டீபன் கல்லூரியிலும் பயின்றவர். உயர்பதவிகளுக்கான வாயில்கள் திறந்திருந்தும், சிற்றூர்களில் கிணறு வெட்டும் பணியில் சில ஆண்டுகள் ஈடுபட்டார். பாறையைப் பிளந்து நீர் தேடிய அக்காலத்தில், பள்ளிக்கே செல்லாத மக்களிடம் நிலம், நீர், கட்டடம், மருத்துவம் பற்றி எத்துணை ஆழ்ந்த பட்டறிவு இருக்கிறது என்பதை அவர் உணர்ந்தார்.

அவ்வுணர்வின் விளைவாக 1972-ஆம் ஆண்டு திலோனியாவில் சமூகப் பணி ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. கைவிடப்பட்ட காசநோய் மருத்துவமனை ஒன்றின் கட்டடங்களே அதன் முதல் இருப்பிடம். காலப்போக்கில் அது வெறுங்கால் கல்லூரி என்னும் பெயரால் உலகறியப் பெற்றது. காலணியின்றி நடக்கும் எளிய மக்களின் அறிவுக்கு மதிப்பளிக்கும் கல்லூரி என்பது அப்பெயரின் பொருள். பட்டம் பெற்றவரே கற்பிக்கத் தகுதியுடையவர் என்னும் வழக்கத்தை அது ஏற்கவில்லை. அடிகுழாயைப் பழுதுபார்க்கவும், மழைநீரைச் சேமிக்கவும், கட்டடம் எழுப்பவும், கதிரவ மின்கருவிகளை அமைக்கவும் ஊர்மக்களே பயிற்சி பெற்றனர். பயிற்சி பெற்றவர்களே பிறருக்கு ஆசிரியராயினர். காந்தியடிகள் 1937-இல் வார்தா மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படையும் கைத்தொழில்வழி அறிவு பெறுதலே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

பகலில் ஆடு மேய்க்கும் சிறுவர் சிறுமியர்க்கு அம்மையம் இரவுப் பள்ளிகளை நடத்தியது. கதிரவ விளக்கொளியில் எழுத்தும் எண்ணும் மட்டுமன்றி, கால்நடை வளர்ப்பும் நிலத்தை அளக்கும் முறையும் மக்களாட்சி நடைமுறையும் கற்பிக்கப்பட்டன. இப்பள்ளிகளைக் கண்காணிக்கக் குழந்தைகள் நாடாளுமன்றம் ஒன்றும் தேர்தல்வழி அமைக்கப்பட்டது. 6 முதல் 14 வயதுக்குட்பட்டோர் அதில் பங்கேற்றனர். ஆடு மேய்க்கும் சிறுமி ஒருத்தி அதன் தலைமை அமைச்சராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் உண்டு.

பாவைகள் புகட்டிய பாடம்

எழுத்தறியாத ஊர்களில் செய்தியைப் பரப்பத் துண்டறிக்கை பயன்படாது. எனவே, இராசத்தானின் மரபுக்கலையாகிய பாவைக்கூத்தைத் திலோனியா மையம் கையிலெடுத்தது. தூய குடிநீர், குறைந்தபட்சக் கூலி, பெண்கல்வி, குழந்தைத் திருமணத்தின் தீமை ஆகியன பாவைகளின் வாய்மொழியாக மக்களைச் சென்றடைந்தன. பாவைகளின் தலைகள் பழைய தாள்களைக் கூழாக்கிச் செய்யப்பட்டவை. உலக வங்கியின் பழைய அறிக்கைகளும் இவ்வாறு பாவைகளாக மாறியதைப் பங்கர் ராய் நகைச்சுவையோடு குறிப்பிடுவதுண்டு.

ஜோக்கிம் சாச்சா என்னும் பாவை அப்பகுதியில் பெரும்புகழ் பெற்றது. முந்நூறு வயது முதியவராக அது மேடையில் தோன்றும். பள்ளிக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தாலோ, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பிணக்கு ஏற்பட்டாலோ, அப்பாவை இருதரப்பினரையும் ஊர்முன் அழைத்து இணக்கம் காணச் செய்யும். மனிதர் சொன்னால் சினம் கொள்வோரும் பாவை சொன்னால் சிரித்துக்கொண்டே ஏற்பர். கண்டிப்பைக் கனிவாக மாற்றும் ஆற்றல் கலைக்கு உண்டு.

இவ்வாற்றல் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. தோற்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் சிரிப்பினூடே ஊர்க்குறைகளை எடுத்துரைப்பவர்கள். தென்மாவட்டங்களில் கோயில் கொடைவிழாக்களில் ஒலிக்கும் வில்லுப்பாட்டைக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோர் காந்தியடிகளின் வரலாற்றைப் பாடவும் கருவியாக்கினர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பாட்டும் வீதி நாடகமும் கொண்டே சிற்றூர்களுக்குள் நுழைந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொண்ட பெண்கள், தம் ஊரின் எல்லையைத் தாமே விரித்துக்கொண்டனர்.

தெரிந்து தெளிவோம்

மேற்கு ஆப்பிரிக்காவிலும் தொன்மையான பாவைக்கலை மரபு உண்டு. மாலி நாட்டின் பம்பாரா மக்கள் விலங்கு வடிவப் பாவைகளையும் முகமூடிகளையும் கொண்டு நிகழ்த்தும் ஆட்டம் சோகோ போ எனப்படும். இளைஞர் குழுக்கள் ஊர்ப் பொதுவெளியில் இதனை நிகழ்த்துகின்றன.

மேற்கு ஆப்பிரிக்காவின் பாணர்கள்

செனகல், காம்பியா, மாலி, கினி முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் கிரியோ என்றும் ஜெலி என்றும் அழைக்கப்படும் கலைஞர்கள் வாழ்கின்றனர். குலவரலாறும் அரசர் புகழும் முன்னோர் அறிவுரையும் இவர்களின் நாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வீரகாவியம் ஏட்டில் அன்றி இவர்களின் பாட்டிலேயே பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டது.

இக்கலைஞர்கள் மீட்டும் நரம்புக் கருவிகளுள் ஒன்று கோரா. பெரிய சுரைக்குடுக்கையின் பாதியைத் தோலால் போர்த்தி, நீண்ட தண்டு பொருத்தி, 21 நரம்புகள் கட்டி அதனைச் செய்கின்றனர். பத்தரும் போர்வைத்தோலும் கோடும் நரம்பும் கொண்ட நம் யாழைப் பற்றிப் பொருநராற்றுப்படையில் பயின்றோர்க்குக் கோராவின் அமைப்பு வியப்பூட்டும். அரசவையில் அறம் உரைக்கவும் ஊரவையில் வரலாறு உரைக்கவும் உரிமை பெற்ற கிரியோக்கள், நம் பாணரையும் பொருநரையும் ஒத்தவர்கள்.

இம்மரபு நமக்கு உணர்த்துவது ஒன்று: எழுத்தறியாமை வேறு, அறியாமை வேறு. எழுத்தின் துணையின்றியே பெருங்காவியத்தை நினைவில் தாங்கும் மக்களிடம், கற்கும் ஆற்றல் குறைவு என்று யாரும் சொல்ல இயலாது. எனினும், அயலார் ஆட்சியாலும் பின்னர் நேர்ந்த உள்நாட்டுப் போர்களாலும் இந்நாடுகளின் சிற்றூர்கள் பல அடிப்படை வசதிகளின்றி நின்றன. சியரா லியோன் நாடு 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போரால் சிதைந்தது. மின்கம்பி எட்டாத ஊர்களில் மாலை மங்கியதும் மண்ணெண்ணெய் விளக்கே துணை. அதன் புகை கண்ணையும் நெஞ்சையும் வருத்தியது. அதன் விலை ஏழைக் குடும்பத்தின் வருவாயை உறிஞ்சியது.

மொழியின்றி நிகழ்ந்த கல்வி

இச்சிற்றூர்களின் பெண்களை, அவர்களுள்ளும் நடுவயதைக் கடந்த தாய்மார்களையும் பாட்டிமார்களையும், கதிரவ மின்பொறியாளராக்கத் திலோனியா முனைந்தது. சியரா லியோன், காம்பியா, செனகல், மாலி, பெனின், புர்கினா பாசோ, லைபீரியா முதலிய நாடுகளிலிருந்து பெண்கள் வந்தனர். பயிற்சிக்காலம் 6 மாதங்கள். இந்திய அரசு 1964-இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ், பயணச் செலவும் பயிற்சிச் செலவும் ஏற்கப்பட்டன.

வந்தவர்களுள் பலர் அதற்குமுன் தம் ஊரெல்லையையே தாண்டாதவர்கள். ஒருவர் தெம்னே பேசினார். ஒருவர் மண்டிங்கா பேசினார். மற்றொருவர் ஊலோப் பேசினார். கற்பித்தவர்களோ இந்தியும் இராசத்தானியும் பேசும் சிற்றூர்ப் பெண்கள். அவர்களுள்ளும் பலர் பள்ளிக் கல்வியை முழுமையாகப் பெறாதவர்கள். இவ்விரு திறத்தாரையும் இணைக்கப் பொதுமொழி ஒன்றும் இல்லை. கையசைவு, படம், நிறம், செய்துகாட்டல், திரும்பச் செய்தல் ஆகியனவே பயிற்றுமொழியாயின.

நிறம் எவ்வாறு மொழியாகும் என்பதற்கு எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். மின்சுற்றுகளில் பயன்படும் மின்தடையாக்கிகளின்மேல் வண்ணப் பட்டைகள் இருப்பதை மேனிலை வகுப்பு இயற்பியலில் காணலாம். கறுப்பு சுழியையும், பழுப்பு ஒன்றையும், சிவப்பு இரண்டையும் குறிக்கும். சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்ற வரிசை 220 ஓம் மின்தடையைக் குறிக்கும். இக்குறியீடு உலகம் முழுமைக்கும் பொது. நெய்த துணியின் நிறவரிசையையும் கோத்த மணிமாலையின் ஒழுங்கையும் கண்ணால் அளந்து பழகிய பெண்ணுக்கு, இவ்வண்ண வரிசையை நினைவில் நிறுத்துவது இயலாத செயலன்று. எழுத்தை வாயிலாக வைத்தால் அடைபடும் கல்வி, நிறத்தை வாயிலாக வைத்தபோது திறந்துகொண்டது.

சூரிய ஒளித் தகடு கதிரவ ஒளியை மின்சாரமாக்கும். அம்மின்சாரத்தை மின்கலம் சேமிக்கும். மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி, மின்கலம் அளவுக்கு மீறி நிரம்பாமலும் முற்றிலும் வடிந்துவிடாமலும் காக்கும். இறுதியில் விளக்கு எரியும். இந்நான்கையும் இணைக்கவும், மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளை ஈயத்தால் பற்றவைக்கவும், பழுது எங்கே என்று அளவுமானியால் கண்டறியவும் அப்பெண்கள் கற்றனர். கருவியின் உட்கூறுகளைத் தம் கைகளாலேயே பலமுறை உருவாக்கிப் பார்த்ததால், அவை பழுதானபோது அஞ்சாமல் திறந்து பார்க்கும் துணிவும் அவர்களுக்கு வாய்த்தது.

ஊர் திரும்பிய ஒளி

பயிற்சிக்கு ஆள் அனுப்புமுன்பே ஊரில் ஒரு குழு அமைக்கப்படும் என்பது இத்திட்டத்தின் குறிப்பிடத்தக்க விதி. மண்ணெண்ணெய், மெழுகுவத்தி, கைவிளக்கு மின்கலம் ஆகியவற்றுக்கு ஒரு குடும்பம் மாதந்தோறும் எவ்வளவு செலவிடுகிறது என்பதைக் கணக்கிட்டு, அதனையொட்டிய தொகையைக் கட்டணமாகச் செலுத்த ஊரார் ஒப்புக்கொள்வர். பொறியாளராகத் திரும்பும் பெண்ணின் ஊதியமும் உதிரி உறுப்புகளின் செலவும் அதிலிருந்தே கிடைக்கும். பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஊரே இடம் தரும். ஊரார் பங்களிப்பால் நிறையும் இப்பொதுநிதி, வள்ளுவர் காட்டிய ஊருணியை நினைவூட்டுகிறது.

திரும்பி வந்தவர்கள் வீடுகளில் விளக்கேற்றினர். குழந்தைகள் இரவில் படித்தனர். பேறுகாலத்தில் மருத்துவச்சிக்கு ஒளி கிடைத்தது. கூரைமேல் ஏறித் தகடு பொருத்தும் பாட்டியை வியந்து நோக்கிய ஊர், பின்னர் அவரை அவையில் கருத்துக் கேட்கும் நிலைக்கு உயர்த்தியது. ஒரு பெண்ணின் அறிவு வெளிப்பட்டபோது, பெண்ணறிவு பற்றிய ஊராரின் எண்ணமும் மாறத் தொடங்கியது.

சியரா லியோனில் இம்முயற்சி மேலும் ஒரு படி உயர்ந்தது. திலோனியாவில் பயின்று திரும்பிய பெண்கள், போர்ட் லோக்கோ மாவட்டத்தின் கோண்டா லைன் என்னும் ஊரில் அரசின் நிதியுதவியோடு 2011-இல் தொடங்கப்பட்ட பயிற்சி மையத்தில் தாமே ஆசிரியராயினர். தம் நாட்டுப் பெண்கள் கடல் கடந்து செல்லாமல் தம் மொழியிலேயே கற்க அவர்கள் வழிவகுத்தனர். பெற்ற வளத்தைப் பெறாதவர்க்கு அறிவுறுத்தி ஆற்றுப்படுத்தும் செயல் இதுவே. அன்று பாணனும் விறலியும் வள்ளலின் ஊருக்கு வழி காட்டினர். இன்று இப்பெண்கள், வள்ளல் ஒருவரை நாடாமலே வாழும் நிலைக்கு வழி காட்டினர்.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

எந்த நற்பணியையும் வினாவின்றி ஏற்பது கற்றோர்க்கு அழகன்று. இம்முயற்சி பற்றியும் சில வினாக்கள் எழுகின்றன. 6 மாதம் வீட்டைப் பிரிந்து வாழும் தாய், தன் குழந்தைகளையும் வயலையும் யாரிடம் ஒப்படைப்பார்? கணவரும் உறவினரும் மறுத்தால் அவர் விருப்பம் என்னாகும்? மின்கலங்களுக்கு ஆயுள் சில ஆண்டுகளே. விளைச்சல் பொய்த்த ஆண்டில் ஊரார் கட்டணம் செலுத்த இயலாமற்போனால், புதிய மின்கலம் எவ்வாறு வாங்கப்படும்? தொலைநாட்டிலிருந்து வரவேண்டிய உறுப்பு வராவிட்டால், பொறியாளரின் திறன் பயனின்றி நிற்காதா?

திலோனியா மையம் சான்றிதழ் வழங்குவதில்லை. சான்றிதழ் பெற்ற இளைஞர் வேலை தேடி நகரத்துக்குச் சென்றுவிடுவர். பாட்டிமார் ஊரிலேயே இருந்து ஊர்க்கு உதவுவர் என்பது பங்கர் ராயின் விளக்கம். இது நடைமுறை அறிந்த கூற்று. ஆனால், திறன் பெற்ற பெண் தான் விரும்பினால் வேறிடம் செல்லும் உரிமையும் உடையவர் அல்லரோ என்னும் எதிர்வினாவும் புறக்கணிக்கத்தக்கதன்று. மேலும், பாட்டிக்குக் கிடைத்த பயிற்சி, பேத்திக்குரிய பள்ளிக்கல்விக்கு ஈடாகிவிடாது. இரவில் எரியும் விளக்கின் பயன், அதன் ஒளியில் ஒரு சிறுமி தன் பாடத்தைப் படிக்கும்போதே முழுமையடையும். இவ்வினாக்கள் அப்பணியின் சிறப்பைக் குறைப்பவை அல்ல. அதனை மேலும் செம்மையாக்க உதவுபவை.

நமக்கு எஞ்சும் செய்தி

மேற்கு ஆப்பிரிக்காவின் தாய்மார்கள் திலோனியாவுக்கு வெறுங்கையோடு வரவில்லை. உழவும் சந்தையும் குடும்பமும் தந்த பட்டறிவோடு வந்தனர். கற்பித்தவர்களும் தாம் மேலோர் என்ற எண்ணத்தோடு கற்பிக்கவில்லை. தம்மைப் போன்ற சிற்றூர்ப் பெண்களுக்குத் தாம் அறிந்ததைப் பகிர்ந்தனர். கொடுப்பவர் உயர்ந்தோர், பெறுபவர் தாழ்ந்தோர் என்னும் வேறுபாடு அவ்விடத்தில் தேய்ந்தது.

நம் ஊர்களிலும் எழுத்தறியாத பேரறிவாளர் பலர் உள்ளனர். மேகத்தின் நிறம் கண்டு மழை கூறும் உழவர், விதையின் தரம் அறியும் மூதாட்டி, கைப்பிடியிலேயே மண்ணின் ஈரம் உணரும் தொழிலாளி ஆகியோர் ராயகிரியிலும் வாழ்வர். பிற ஊர்களிலும் வாழ்வர். அவர்களிடமிருந்து கற்பதும், நாம் கற்றதை அவர்களோடு பகிர்வதும் படித்த தலைமுறையின் கடமை. பெற்ற கல்வியைப் பிறர்க்கு வழியாக்கும் ஒவ்வொரு மாணவரும் இக்கால ஆற்றுப்படையில் ஓர் அடியை எழுதுகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பள்ளிக்குச் செல்லாமலே சிறந்த தொழில்திறன் பெற்ற ஒருவரைச் சந்தித்து, அவர் கற்ற முறையைக் கேட்டறிந்து வகுப்பறையில் எடுத்துரைக்க.

2. யாழின் உறுப்புகளையும் கோராவின் உறுப்புகளையும் ஒப்பிட்டுப் படவிளக்கம் தயாரிக்க.

3. நீர்ச்சிக்கனத்தை வலியுறுத்தும் சிறு பாவைக்கூத்து ஒன்றைக் குழுவாக எழுதி நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. வெறுங்கால் கல்லூரி என்னும் பெயர் உணர்த்தும் பொருள் யாது?

2. கிரியோக்கள் யாவர்?

சிறுவினா

1. பொதுமொழி இல்லாத நிலையில் திலோனியாவில் கல்வி நிகழ்ந்த முறையை விளக்குக.

2. ஊர்க்குழுவின் கட்டணமுறை ஒப்புரவோடு ஒத்திருப்பதை எடுத்துக்காட்டுக.

நெடுவினா

'எழுத்தறியாமை வேறு, அறியாமை வேறு' என்னும் கருத்தைப் பாடப்பகுதிவழி நிறுவி, திலோனியா முயற்சி பற்றி எழும் வினாக்கள் குறித்து உம் கருத்தைக் கட்டுரையாக்குக.